மயங்கியவரின் சாட்சியம்: பேராசிரியர் ரிச்சர்ட் ஆல்பர்ட்டின் தன்வரலாற்றை முன்வைத்து

திருவண்ணாமலையில் மலை சுற்றும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அப்பாதையில் மலையின் மேற்குப் புறத்தே அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. 1896ஆம் ஆண்டு இளைஞராக இம்மலைக்கு வந்து 1950ஆம் ஆண்டு இங்கேயே மறைந்த ரமணரின் பெயர் கேட்டு வரும் மேலைநாட்டார் பலர், மாதக்கணக்கில் தங்குவதற்கு இவ்வூர்ப் பக்கத்து வீடுகளை வாடகைக்கு எடுத்துக்கொள்கின்றனர். அத்தகைய வீடொன்றைப் பராமரித்து வரும் நண்பரைக் காண, நம் மாணவர் ஒருவரை உடனழைத்துச் சென்றிருந்தோம். தங்கிச் சென்றவர்கள் விட்டுப்போன நூல்கள் அங்கே ஓர் அலமாரியில் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று சதுர வடிவினது. நடுப்பகுதி முழுவதும் பழுப்புத் தாளில் அச்சானது. 1971ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலிருந்து வெளிவந்த 'பி ஹியர் நௌ' என்னும் நூல் அது. 'இப்போது இங்கே இரு' என்பது தலைப்பின் பொருள். ஆசிரியர் பெயர் ராம் தாஸ். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராய் இருந்த ரிச்சர்ட் ஆல்பர்ட் என்பாரே அவர்.

மாணவர் அந்நூலின் முதற்பகுதியை அங்கேயே அமர்ந்து படித்து முடித்தார். திரும்பும் வழியில் நம்மிடம் கேட்டார்: "ஹள்ரத், நம் சூஃபிகள் மது என்றும் மயக்கம் என்றும் பாடியது இவர் மாத்திரையில் கண்ட இதைத்தானா?" அக்கேள்விக்கு உடனே விடையளித்திருக்கலாம். ஆனால் அவசர விடைகள் இத்தகைய கேள்விகளை அடக்குமேயன்றித் தீர்ப்பதில்லை. நூலை இரவல் பெற்று வந்து இருமுறை படித்தபின் எழுதுவதே இக்கட்டுரை.

பேராசிரியரும் அவரது பணியும்

ஆல்பர்ட் 1931ஆம் ஆண்டு பிறந்தவர். 1957இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஹார்வர்டில் பணியேற்றார். மனித நடத்தையை அளந்தறிவதே அவரது துறை. மாணவர்கள் தேர்வின்போது கொள்ளும் பதற்றத்தை அளக்கும் கருவியொன்றை ஹேபர் என்பாருடன் சேர்ந்து உருவாக்கி 1960ஆம் ஆண்டு வெளியிட்டார். பதற்றம் ஒரே வகையினதன்று. மாணவரை முடக்கிப்போடும் பதற்றமும் உண்டு, முனைந்து படிக்கத் தூண்டும் பதற்றமும் உண்டு என்பது அவ்வாய்வின் சாரம். அச்சமும் (கவ்ஃப்) ஆதரவும் (ரஜா) பற்றி நம் ஆன்மிக நூல்களைப் படித்தவர்களுக்கு இப்பகுப்பு அந்நியமாகத் தோன்றாது. அவ்வாய்வு இன்றளவும் கல்வி உளவியலில் எடுத்தாளப்படுகிறது.

தம் நூலின் தொடக்கத்தில் அன்றைய வாழ்வை அவர் ஒளிவின்றி விவரிக்கிறார். பல்கலைக்கழகத்தின் நான்கு துறைகளில் பொறுப்பு; விலையுயர்ந்த கார்; சொந்தமாய் ஒரு சிறு விமானம். இத்தனைக்கும் நடுவே, தாம் கற்பிக்கும் உளவியல் தம்மைத் தொடவேயில்லை என்னும் உறுத்தல். பதற்றத்தை அளந்தவர் தம் பதற்றத்தைத் தீர்க்க வழியறியாதிருந்தார். நூலின் மிக நேர்மையான பக்கங்கள் இவையே என்பது நம் கணிப்பு.

1960ஆம் ஆண்டு கோடையில், அவரது சக பேராசிரியர் திமோதி லியரி மெக்சிகோவின் குவெர்னவாக்காவில், மனத்தை மாற்றும் காளான்களை உண்டார். அதே ஆண்டு ஹார்வர்டில் சைலோசைபின் ஆய்வு தொடங்கிற்று. அக்காளான்களிலிருந்து 1958இல் சுவிஸ் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் பிரித்தெடுத்த பொருளே சைலோசைபின். எல்.எஸ்.டி.யை 1938இல் ஆக்கி, 1943இல் அதன் விளைவைத் தம் உடலிலேயே கண்டறிந்தவரும் அவரே. ஆல்பர்ட் 1961ஆம் ஆண்டில், பனி பொழிந்த ஓர் இரவில், முதன்முறையாகச் சைலோசைபினை உட்கொண்டார். பட்டத்து அங்கியணிந்த பேராசிரியராய்த் தம் உருவமே எதிரே நிற்கக் கண்டதாகவும், தாம் பூண்ட வேடங்கள் ஒவ்வொன்றும் உதிர்ந்ததாகவும், இறுதியில் உடலும் மறைய, எல்லாவற்றையும் பார்த்திருந்த ஒன்று மட்டும் எஞ்சியதாகவும் எழுதுகிறார்.

ஆய்வில் ஈடுபட்டோர் தாங்களும் மருந்தை உட்கொள்வது அக்குழுவின் வழக்கமாயிற்று. 1962இல் துறைக்குள்ளேயே கண்டனம் எழுந்தது. இளநிலை மாணவர்களுக்கு மருந்து தரலாகாது என்னும் உடன்பாட்டை மீறி ஒரு மாணவருக்குத் தந்ததன்பேரில், 1963ஆம் ஆண்டு மே மாதம் ஆல்பர்ட் பதவிநீக்கம் செய்யப்பட்டார். அவரது பல்கலைக்கழக வாழ்வு அத்துடன் முடிந்தது.

இரு பேராசிரியர்கள்

இதைப் படிக்கையில் நம் நினைவு இன்னொரு பேராசிரியரிடம் செல்வது இயல்பு. ஹிஜ்ரி 488இல், அதாவது கி.பி. 1095இல், பக்தாதின் நிழாமிய்யா கல்விக்கூடத்தின் தலைமை ஆசிரியப் பொறுப்பை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) துறந்து சென்றார்கள். 'அல்முன்கித் மினள் ளலால்' என்னும் தன்வரலாற்றில் அதற்கான காரணத்தை அவர்களே விளக்குகிறார்கள். கற்பித்து வந்த கல்வி தம்மை மறுமைக்கு ஆயத்தப்படுத்தவில்லை என்ற உறுத்தல் மேலிட்டது, நாவெழாமற்போயிற்று, உணவு செல்லவில்லை, மருத்துவர்கள் கைவிரித்தனர்.

இருவருக்கும் நேர்ந்த நெருக்கடி ஒன்றேபோல் தோன்றுகிறது. ஒன்றின் இலக்கணத்தை அறிவதற்கும் அந்நிலையில் இருப்பதற்கும் உள்ள தொலைவை இருவரும் உணர்ந்தனர். இமாம் அவர்கள் இதனை விளக்கக் கையாளும் உவமை, வியப்புக்குரியவாறு, போதை பற்றியதே. போதையின் இலக்கணத்தை வகுத்துச் சொல்வது வேறு. போதையில் இருப்பது வேறு. போதையில் இருப்பவன் அதன் இலக்கணத்தை அறியான். தெளிந்திருப்பவனோ இலக்கணம் அறிவான். போதையின் கூறு எதுவும் அவனிடம் இராது. சுவை (தவ்க்) இன்றி மெய்ஞ்ஞானியரின் நிலை விளங்காது என்பதற்காக இமாம் அவர்கள் இதைச் சொன்னார்கள்.

ஆல்பர்ட்டின் ஆதரவாளர்கள் இவ்வுவமையின் முதற்பாதியைத் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக்கூடும். சுவைக்காதவன் எப்படி ஆராய்வான் என்று அவர்கள் கேட்கலாம். ஆனால் உவமையின் மறுபாதியும் அதே அளவு உண்மையன்றோ? மயக்கத்திலிருப்பவன் மயக்கத்தை விவரிக்க வல்லவனல்லன். ஆகவே இங்கு எழும் கேள்வி, சுவைக்கலாமா என்பது மட்டுமன்று. சுவைத்தவனின் சாட்சியத்தை எவ்வளவு ஏற்கலாம் என்பதுமாகும். அறிவிப்பாளரை எடைபோடும் கலை நம் மரபில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்து வந்துள்ளது. அந்தத் தராசில் இந்நூலை நிறுத்துப் பார்ப்போம்.

சாட்சியத்தை எடைபோடல்

ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளரிடம் இரண்டைத் தேடினர்: நேர்மை (அதாலத்), பிழையின்றிப் பேணும் திறன் (ளப்த்). நேர்மையாளர் ஒருவருக்கே பிற்காலத்தில் நினைவுக் குழப்பம் (இக்திலாத்) ஏற்பட்டால், அவரை முற்றிலும் ஒதுக்கிவிடவில்லை. குழப்பத்துக்கு முன் அவரிடம் கேட்டவை யாவை, பின் கேட்டவை யாவை எனப் பிரித்தனர்; முன்னவற்றை ஏற்றனர். அதாஉ இப்னு ஸாயிப், ஸயீத் இப்னு அபீ அரூபா ஆகியோர் விஷயத்தில் இம்முறை பின்பற்றப்பட்டதை ஹதீஸ் மாணவர்கள் அறிவர்.

இவ்வாறு பிரித்தால் ஆல்பர்ட்டின் பணியில் 1960ஆம் ஆண்டின் பதற்ற ஆய்வு ஒரு பக்கம் நிற்கும். அதில் அளந்தவர் வேறு, அளக்கப்பட்டவர் வேறு. பிறர் அதே கருவியால் மீண்டும் அளந்து சரிபார்க்க இயலும். 1961 முதல் 1963 வரையிலான மருந்தாய்வு மறுபக்கம் நிற்கும். அங்கே அளப்பவரே மயங்கியிருந்தார்.

இது வெறும் ஐயமன்று. 1962ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று, பாஸ்டன் பல்கலைக்கழகத் தேவாலயத்தில், லியரியின் மேற்பார்வையில் வால்டர் பான்கே என்னும் ஆய்வாளர் நடத்திய சோதனையை எடுத்துக்கொள்வோம். இறையியல் மாணவர் 20 பேரில் பாதிப்பேருக்குச் சைலோசைபினும், மீதிப்பேருக்கு நிகோடினிக் அமிலமும் தரப்பட்டன. யார் எதைப் பெற்றார் என்பது ஆய்வாளருக்கும் தெரியாதவாறு மறைக்கப்பட்டிருந்தது. ஆனால் சற்று நேரத்திலேயே நடத்தையைக் கொண்டு எல்லோரும் கண்டுகொண்டனர். அதுமட்டுமன்று, மாணவரைக் கண்காணிக்க அமர்த்தப்பட்ட வழிகாட்டிகளிலும் பாதிப்பேர் அரையளவு மருந்தை உட்கொண்டிருந்தனர். காவலுக்கு நின்றவரும் மயங்கினால் காவல் ஏது?

பின்னாளில் ரிக் டாப்ளின் என்பார் அச்சோதனையில் பங்கேற்றவர்களைத் தேடிக் கண்டு 1991இல் ஆய்வுரை வெளியிட்டார். மருந்து பெற்றோரில் பலர் அவ்வனுபவத்தைப் பெரிதும் மதித்தே நினைவுகூர்ந்தனர். ஆனால் ஒருவர் கட்டுமீறி நடக்க, அவருக்கு அமைதிப்படுத்தும் ஊசி போட நேர்ந்ததும், அச்செய்தி மூல ஆய்வேட்டில் இடம்பெறாததும் வெளிப்பட்டன. சிறைக்கைதிகளுக்கு மருந்து கொடுத்து மீண்டும் குற்றம் புரிவதைக் குறைத்துவிட்டதாக லியரியின் குழு கூறியதையும் அவர் 1998இல் மறு ஆய்வு செய்தார். விடுதலைக்குப் பின் குறுகிய காலமே கழிந்த தம் கைதிகளை, நீண்ட காலம் கழிந்த பிற கைதிகளோடு அவர்கள் ஒப்பிட்டிருந்தனர். சமகாலம் கொண்டு ஒப்பிட்டபோது, கூறப்பட்ட பலன் காணவில்லை. டாப்ளின் இத்தகைய மருந்துகளுக்குப் பகைவரல்லர். அவற்றைச் சிகிச்சைக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர். ஆதரவாளரே சொன்ன குறை என்பதால் அதன் எடை கூடுகிறது.

அவ்வாறாயின் ஆல்பர்ட்டின் நூலில் ஏற்கத்தக்கது எதுவுமில்லையா? உண்டு. ஒருவர் தமக்கு எதிராகத் தாமே கூறும் ஒப்புதல் (இக்ரார்) நம் சட்டவியலில் வலுவான சான்று. நூலில் அத்தகைய ஒப்புதல் ஒன்று உள்ளது. ஒருமுறை ஐவர் ஒரு கட்டடத்தில் தம்மைப் பூட்டிக்கொண்டு, மூன்று வாரங்கள், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்.எஸ்.டி. உட்கொண்டனராம். வெளியே வந்த சில நாள்களில் பழைய மனிதர்களாகவே ஆகிவிட்டனராம். எத்தனை முறை ஏறினும் இறங்க வேண்டியிருந்தது என்பதே ஐந்தாறு ஆண்டுகால மருந்தாய்வில் அவர் கண்ட முடிவு. தம் பதவியையும் புகழையும் பணயம் வைத்த ஒன்றைப் பற்றி ஒருவர் இவ்வாறு எழுதுவது எளிதன்று. இதனை நாம் ஏற்கிறோம்.

மூன்றாவதாக ஒரு செய்தி உள்ளது. நூலின் புகழுக்குக் காரணமானதும் அதுவே. 1967இல் இந்தியா வந்த ஆல்பர்ட், நைனிதால் பக்கத்து மலைப்பகுதியில் நீம் கரோலி பாபா என்னும் துறவியைச் சந்தித்தார். அவரே இவருக்கு ராம் தாஸ் எனப் பெயரிட்டவர். துறவி கேட்டதன்பேரில் எல்.எஸ்.டி. மாத்திரைகள் மூன்றைக் கொடுத்ததாகவும், 900 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட அம்மருந்து அவரிடம் எந்த மாற்றத்தையும் விளைவிக்கவில்லை என்றும் எழுதுகிறார். ஏற்கெனவே விழித்திருப்பவருக்கு எழுப்பும் மருந்து எதற்கு என்பது இச்செய்தியிலிருந்து அவர் அடியார்கள் கொள்ளும் கருத்து.

பிற சமயத்துப் பெரியவர் ஒருவரின் நிலை பற்றித் தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. அறிவிப்பை மட்டும் பார்ப்போம். அறிவிப்பவர் ஒருவர், அவரோ அத்துறவியிடம் உள்ளம் பறிகொடுத்தவர், அளவீடு எதுவும் இல்லை. இக்குறைகளை நம்மினும் முன்பே உணர்ந்தவர் ஆல்பர்ட்தாம். மாத்திரைகளைத் துறவி உண்மையில் விழுங்கினாரா, பின்னால் வீசிவிட்டாரா என்ற ஐயம் அமெரிக்கா திரும்பியபின் அவருக்கே எழுந்தது. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்தபோது துறவியே அதைக் கேட்டு, இன்னும் கூடுதலாகத் தம் கண்முன் விழுங்கிக் காட்டினார் என்று பின்னாளில் எழுதினார். இரண்டாம் அறிவிப்பாலும் சான்று கூடிவிடவில்லை, அறிவிப்பவர் அவரேதாம். ஆயினும் அந்த ஐயத்தை நாம் மதிக்கிறோம். நான்கு துறைப் பேராசிரியரின் ஆய்வு மனம் காவியுடைக்குள்ளும் முற்றிலும் உறங்கிவிடவில்லை.

ஸுக்ரும் ஸஹ்வும்

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். 'மஸ்த்' என்னும் பாரசீகச் சொல்லுக்கு மயக்கமுற்றவர் என்பது பொருள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னையில் வாழ்ந்த குணங்குடியாரை மக்கள் மஸ்தான் என்றழைத்தது இறைக்காதலில் தம்மை மறந்த நிலையைக் கண்டே. தஸவ்வுஃபில் ஸுக்ர் (மயக்கம்) என்றும் ஸஹ்வ் (தெளிவு) என்றும் இரு நிலைகள் பேசப்படுகின்றன. முன்னதற்குப் பாயஸீத் பிஸ்தாமியும் (ரஹ்), பின்னதற்கு ஜுனைத் பக்தாதியும் (ரஹ்) முன்மாதிரிகளாகச் சுட்டப்படுவர். 'கஷ்ஃபுல் மஹ்ஜூப்' ஆசிரியர் ஹுஜ்வீரி (ரஹ்) இருதரப்பு வாதங்களையும் எடுத்துரைத்துவிட்டுத் தெளிவின் பக்கமே நிற்கிறார். இங்கே மயக்கம் என்பது உவமை. அருந்தும் பொருளொன்றின் விளைவன்று. அவ்வுவமையையும் கடந்து தெளிவுக்குத் திரும்ப வேண்டும் என்பதே பெரும்பான்மையோர் கருத்து.

உவமையைப் பொருளாகக் கொண்டுவிடும் மயக்கம் நம்மவரிடையே முன்பே தோன்றியதுண்டு. கஞ்சாவைத் தியானத்துக்குத் துணையென்று கொண்ட ஃபகீர் கூட்டங்களை எதிர்த்து 13, 14ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் நிறைய எழுதினர். இமாம் ஸர்கஷீ அதற்கெனத் தனி நூலே இயற்றினார். அவ்விவாதங்களைத் தொகுத்து ஃபிரான்ஸ் ரோசந்தால் என்னும் அறிஞர் எழுதிய நூல், ஆல்பர்ட்டின் நூல் வந்த அதே 1971இல் வெளிவந்தது. மாலிக்கீ அறிஞர் கராஃபீ (இறப்பு கி.பி. 1285) இப்பொருள்களை மூவகையாகப் பிரித்தார்: களிப்போடு அறிவை மறைப்பவை, புலன்களையே உறங்கவைப்பவை, களிப்பின்றி அறிவைக் குலைப்பவை. சட்டத்தில் ஒவ்வொன்றின் நிலையும் வேறு. உறுப்பை நீக்கும் சிகிச்சைக்கு உணர்வகற்றும் மருந்து தரலாமா என்ற விவாதம் ஷாஃபிஈ மத்ஹபு நூல்களில் உண்டு. மருத்துவத்துக்கும் களியாட்டத்துக்கும் இடையே நம் அறிஞர் கோடு கிழித்திருந்தனர் என்பதை இது காட்டும்.

ஆயினும் இவையனைத்தினும் கூர்மையான அளவுகோல் குர்ஆனிலேயே உள்ளது. அந்நிஸா அத்தியாயத்தின் 43ஆம் வசனம், போதையில் தொழுகையை நெருங்க வேண்டாமென்று தடுக்கும்போது அத்தடைக்கு ஓர் எல்லை காட்டுகிறது: தாம் சொல்வது இன்னதென்று தாமே அறியும் வரை. தன் சொல்லைத் தான் அறிந்திருத்தலே தெளிவு. இறைவன் முன் நிற்பதற்கு வேண்டிய இத்தகுதி, ஆய்வுக்கூடத்தில் நிற்பவருக்கு மட்டும் வேண்டாததாகுமா?

இக்காலத்து ஆய்வாளரும் இதனை ஓரளவு உணர்ந்துள்ளனர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் கிரிஃபித்ஸ், காப்பியின் காஃபீன் பழக்கம் முதலியவற்றை ஆண்டுக்கணக்கில் ஆய்ந்தபின், சைலோசைபின் பற்றிய தம் ஆய்வை 2006இல் வெளியிட்டார். 36 பேர் பங்கேற்ற அவ்வாய்வில் உடனிருந்து கண்காணித்தோர் மருந்து உட்கொள்ளவில்லை. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் மறைந்தார். ஆனால் பழைய சிக்கல் முற்றிலும் தீர்ந்தபாடில்லை. மனவடு நோய்க்கு எம்.டி.எம்.ஏ. என்னும் மருந்தை ஏற்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2024 ஆகஸ்டில் மறுத்தது. அப்போது பேசப்பட்ட குறைகளுள் முக்கியமானது, மருந்து பெற்றவர் யாரென்று எளிதில் தெரிந்துவிடுகிறது என்பதே. 1962இல் தேவாலயத்தில் நேர்ந்ததும் இதுதான்.

எஞ்சியது

ஆல்பர்ட் மருந்தை முற்றிலும் மறுதலித்தார் என்று எழுதினால் அது நீதியாகாது. அது ஒரு கதவைத் திறந்தது என்றே இறுதிவரை கருதினார். ஆனால் அவர் வாழ்வில் பிறர்க்குப் பயன்பட்டது எதுவென்று தேடினால், அது நம் மாநிலத்திலேயே கண்ணெதிரே நிற்கிறது. 1978இல் தோன்றிய சேவா அறக்கட்டளையின் நிறுவனர்களுள் அவரும் ஒருவர். மதுரையில் 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியும் அவ்வறக்கட்டளையின் தொடக்ககால அங்கத்தினர். ஆல்பர்ட் ஊர் ஊராய்ச் சென்று உரையாற்றி அதற்கு நிதி திரட்டினார். கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகளைக் குறைந்த விலையில் ஆக்கும் தொழிற்கூடம் 1992இல் மதுரையில் அமைந்ததற்கும் சேவாவின் துணை இருந்தது. 1997இல் பக்கவாதம் தாக்கிப் பேச்சு தடுமாறிய பின்னும் அவர் பணி நிற்கவில்லை. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஹவாயில் மறைந்தார். மூன்று வாரம் பூட்டிய அறைக்குள் அவர் கண்ட காட்சிகள் சில நாள்களில் கலைந்துபோயின. மதுரையில் பார்வை பெற்ற முதியவளின் கண்ணில் அந்த வில்லை அவள் ஆயுளுக்கும் இருக்கும்.

அந்நூலின் இறுதிப் பகுதி படிக்க வேண்டிய நூல்களின் பட்டியல். வரைந்த பலகாரம் பசி தீர்க்காது என்னும் பொருள்பட அதற்குத் தலைப்பிட்டிருக்கிறார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இக்கருத்தை மறுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் பசியோடு புறப்பட்டு, தனித்திருந்து, நோன்பிருந்து, ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்துத் தெளிந்த அறிவோடு திரும்பி வந்து, மறுபடியும் மாணவர் முன் அமர்ந்தார்கள். 'அல்முன்கித்' அதன்பின் எழுதப்பட்டது. எழுதிய கை நடுங்கவில்லை என்பதால்தான் ஒன்பது நூற்றாண்டுகளாக அதை நம்பிப் படிக்கிறோம்.

மாணவருக்கு நாம் சொன்ன விடையும் இதுவே. நூலைத் தடுக்கவில்லை, திரும்பத் தந்து, முன்கித்தையும் உடன் வைத்துப் படிக்குமாறு கூறினோம். எந்த அனுபவத்தைக் குறித்தும் ஒருவர் பேசினால், பேசும்போது தாம் பேசுவது இன்னதென்று அறிந்து பேசுகிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். அதனைப் பார்த்தபின் எஞ்சுவது சிறிதாயினும், அதை மரியாதையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும்.